கோப்பை யாருக்கு: 56 கிலோவுக்கா, 105 கிலோவுக்கா?

காரிமங்கலம் பக்கம் ஒரு ஜிம்மின் ஆண்டு விழாவில் டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் கம்பியைக் குனிந்து எடுத்து நிமிர்வது) போட்டி வைத்திருக்கிறீர்கள். 56 கிலோ தம்பி 165 தூக்கினார், 74 கிலோக்காரர் 200, 105 கிலோக்காரர் 245. கோப்பை ஒன்றே ஒன்று. தூக்கியதை உடல் எடையால் வகுத்துப் பார்த்து 56 கிலோ தம்பியிடம் கொடுத்துவிட்டீர்கள். ‘அதிகம் தூக்கினது நான், கோப்பை அவனுக்கா?’ என்று பெரிய ஆள் முறுக்கிக்கொண்டு போய்விட்டார். வகுத்தது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். வகுத்தலில் பிழை இல்லை: 2.95, 2.70, 2.33 என்றுதான் வரும். ஆனால் உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வி அது இல்லை என்று நினைக்கிறேன். ஒருவர் உடம்பின் அளவுக்கு இவ்வளவு தூக்கலாம் என்று ஒரு கணக்கு இருக்குமே, அதைத் தாண்டி யார் போனார் என்பதுதான் கேள்வி. அதற்கு எடையால் வகுப்பது ஆகாது. இவ்வளவும் உறுதி. அப்படியானால் முதலிடம் யாருக்கு என்பதில்தான் இழுபறி, அதையும் பார்ப்போம்.

தசையின் பலம் அதன் தடிமனில் இருக்கிறது. கிணற்றுக் கயிற்றை இரண்டு மடங்கு நீளமாக வாங்கினால் அது கூடுதல் சுமை தாங்காது. தடிமனை இரண்டு மடங்காக்கினால் நான்கு மடங்கு தாங்கும், ஏனென்றால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரியும் பரப்பு நான்கு மடங்கு. உங்கள் பக்கத்துப் பெங்களூரா மாங்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். காயையும் காம்பையும் நீளம், அகலம், தடிமன் மூன்றிலும் அப்படியே இரட்டிப்பாக்கினால் காயின் எடை எட்டு மடங்காகும், காம்பின் பலமோ நான்கு மடங்கோடு நின்றுவிடும். மனித உடம்புக்கும் இதே கதி. எடை கூடும் வேகத்துக்குப் பலம் கூடாது. கணக்காகச் சொன்னால், பலம் என்பது எடையின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒட்டி நடக்கிறது. எடை இரண்டு மடங்கானால் பலம் சுமார் 1.59 மடங்கு. எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கு தூக்குகிறது என்று வியக்கிறோமே, அதில் எறும்பின் வீரத்தைவிட அதன் சிறிய அளவுக்குத்தான் பங்கு அதிகம். எடையால் நேராக வகுக்கும் ஜிம், ஒவ்வோர் ஆண்டும் கூட்டத்திலேயே சின்ன ஆளுக்குக் கோப்பையை எழுதிவைத்துவிட்டுத்தான் போட்டியைத் தொடங்குகிறது.

சரி, மூன்றில் இரண்டு அடுக்கால் வகுத்துப் பார்ப்போம். செல்போன் கால்குலேட்டரில் உடல் எடையை அதே எடையால் பெருக்கி, வந்ததற்குக் கன மூலம் எடுத்தால் போதும். 74க்கு: 74 பெருக்கல் 74, 5476, அதன் கன மூலம் 17.63. இப்படி 56க்கு 14.64, 105க்கு 22.26. தூக்கியதை இவற்றால் வகுத்தால் 56 கிலோ தம்பிக்கு 11.27, 74 கிலோக்காரருக்கு 11.35, 105 கிலோக்காரருக்கு 11.01. முதலிடம் யாருமே கண்டுகொள்ளாத நடு ஆளுக்குப் போய்விட்டது!

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அடுக்கு 0.67 (மூன்றில் இரண்டு) என்று வைத்ததால் வந்த முடிவு இது. உங்கள் மூன்று பேரின் எண்களை வைத்து, அடுக்கை மாற்றிக்கொண்டே போனால் இப்படி ஆகிறது: 0.69க்கு மேலே எந்த எண்ணை வைத்தாலும் 56 கிலோ தம்பி முதல், 0.58க்கும் 0.69க்கும் இடையில் 74 கிலோக்காரர், 0.58க்குக் கீழே 105 கிலோக்காரர். நேராக வகுப்பது என்றால் அடுக்கு 1, வெறும் கிலோவைப் பார்ப்பது என்றால் அடுக்கு 0. அதாவது உங்கள் ஊர்ச் சண்டை முழுவதும் 0.58, 0.69 என்ற இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. அடுக்கு 1 என்பது தவறு என்று தெரியும், 0 என்பதும் தவறு என்று தெரியும். நடுவில் எங்கே என்பதற்கு உடற்கூறு ஒரு திசையைக் காட்டுமே தவிர, இரண்டாம் தசம இடம் வரை கையெழுத்துப் போட்டுத் தராது.

1956லேயே பளுதூக்கும் சாதனைகளை வைத்து லீட்ஸ்கே என்பவர் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கணக்குப் போட்டார். மூன்றில் இரண்டை ஒட்டித்தான் வந்தது. ஆனால் அது எடைப் பிரிவுக்குள் உடம்பைக் கட்டுக்குள் வைத்திருக்கும் வீரர்களின் கணக்கு. உடம்பு பெரிதாகப் பெரிதாக, கூடும் ஒவ்வொரு கிலோவிலும் தசையின் பங்கு குறைகிறது, கொழுப்பின் பங்கு ஏறுகிறது. அதனால் மிகக் கனத்த ஆட்களிடம் இந்த விதி முறிந்துவிடும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் துருக்கியின் நயீம் சுலைமானொக்லு ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்ற இரு தூக்கலும் சேர்த்து 342.5 கிலோ தூக்கினார். அதில் கிளீன் அண்ட் ஜெர்க் மட்டும் 190, தன் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல். 2021 தாஷ்கண்ட் உலகப் போட்டியில் ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 492 கிலோ தூக்கினார். அவர் உடல் எடை 170 கிலோவுக்கு மேல். மூன்றில் இரண்டு கணக்கில் சுலைமானொக்லுவுக்கு 22.3, லாஷாவுக்கு 170 என்று குறைத்தே வைத்தாலும் 16தான். அந்த 16ஐ 60 கிலோ ஆளுக்குத் திருப்பினால் மொத்தம் 245 கிலோ. 245 தூக்கும் 60 கிலோ வீரர் உலகப் போட்டியில் பதக்கத்தின் பக்கமே போக மாட்டார். அத்தனை கிலோ தூக்கிய ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தும் அளவுகோல் நம்பத்தக்கதா?

இதற்காகத்தான் உடற்கூற்றை விட்டுவிட்டு, நடந்த போட்டிகளின் முடிவுகளிலிருந்தே வளைகோடு போடும் சூத்திரங்கள் வந்தன. ஒலிம்பிக் பளுதூக்குதலுக்குக் கனடாவின் ராய் சின்க்ளேர் போட்டது. ‘இவரே மிகக் கனத்த பிரிவு ஆளாக இருந்தால் எவ்வளவு தூக்கியிருப்பார்’ என்று அது சொல்லும். 2017 முதல் 2020 வரைக்கான எண்களில் சுலைமானொக்லுவுக்கு 499, லாஷாவுக்குக் கிட்டத்தட்ட அதே 492. இப்போது இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் சின்க்ளேர் எண்கள் ஒலிம்பிக் சுழற்சிக்கு ஒருமுறை மாறும். 2021 முதல் 2024 வரைக்கானவற்றை வைத்தால் சுலைமானொக்லு 527க்கு ஏறிவிடுவார், லாஷா 493 பக்கத்திலேயே நிற்பார். 1988ல் தூக்கிய கம்பி அப்படியேதான் இருக்கிறது, புள்ளி மட்டும் 28 ஏறிவிட்டது. சூத்திரத்தைத் தராசு என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டுவது நல்லது. அந்தந்தக் காலத்தின் சிறந்த வீரர்களோடு ஒப்பிடும் ஒரு வழி, அவ்வளவுதான்.

உங்களுடையது பவர்லிஃப்டிங் பக்கம். அங்கே ரொம்ப நாள் ஆஸ்திரேலியாவின் ராபர்ட் வில்க்ஸ் போட்ட சூத்திரம் ஓடியது. சர்வதேசக் கூட்டமைப்பு 2019ல் அதை மாற்றி, 2020ல் இன்னொரு முறை மாற்றி, இப்போது ஜிஎல் புள்ளிகள் என்று வைத்திருக்கிறது. இந்தச் சூத்திரங்கள் ஸ்குவாட் (கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் (படுத்துக்கொண்டு கம்பியை மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் மூன்றும் சேர்ந்த மொத்தத்துக்கு. பெஞ்சுக்கு மட்டும் தனி எண்கள் உண்டு. டெட்லிஃப்டை மட்டும் எடுத்து மொத்தத்துக்கான சூத்திரத்தில் போட்டு, இணையத்தில் வரும் புள்ளியைப் பலகையில் எழுதுவது ஜிம்களில் நடக்கும் வழக்கமான தவறு. ஆனாலும் ஒப்பீட்டுக்காகப் போட்டுப் பார்த்தேன். 56 கிலோ தம்பிக்கு 28.1, 74க்கு 29.4, 105க்கு 30.2. நேர் வகுத்தலில் வந்த வரிசை அப்படியே தலைகீழ்.

இந்த வரிசையை எவ்வளவு நம்பலாம்? டெட்லிஃப்டில் உடல் எடை ஏற ஏறக் கிடைக்கும் லாபம் ஸ்குவாட்டைவிடக் குறைவு. குனிந்து எடுக்க வயிறு இடிக்கும். பிடி கையின் அளவோடு நின்றுவிடும், தொடை பருத்ததற்காக விரல் நீளாது. இலகு எடைக்காரர்களின் மொத்தத்தில் டெட்லிஃப்டின் பங்கு அதிகமாக இருப்பதும் இதனால்தான். ஆகவே மொத்தத்துக்கான சூத்திரத்தை டெட்லிஃப்டுக்கு வைத்தால் சாய்வு சின்ன ஆள் பக்கம்தான் இருக்கும். அந்தச் சாய்வையும் மீறி 105 கிலோக்காரர் மேலே வந்திருக்கிறார். தவிர, அந்த வளைகோடு சர்வதேச அளவில் 105 கிலோவை ஏறக்குறைய எல்லாம் தசையாக வைத்திருக்கும் ஆட்களை வைத்துப் போட்டது. உள்ளூர் ஜிம்மில் 105 கிலோ என்றால் அதில் ஒரு பங்கு தொப்பையாக இருக்கவே வாய்ப்பு. என்னைக் கேட்டால், உங்கள் மூவரில் பெரியவருக்கு வாதம் கொஞ்சம் வலு, நடு ஆள் ஒட்டிப் பின்னால், தம்பி மூன்றாவது. முதல் இருவரின் வரிசைக்காக நான் சண்டைக்கு வர மாட்டேன். தம்பிக்கு முதலிடம் இல்லை என்பதில்கூட எனக்குச் சின்னத் தயக்கம் ஒன்று உண்டு, அது அளவெடுப்பில் இருக்கிறது.

மூன்றில் இரண்டு கணக்கில் தம்பிக்கும் நடு ஆளுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். நூற்றுக்கு 0.7கூட இல்லை. தம்பி இன்னும் ஒரு கிலோ சொச்சம் தூக்கியிருந்தால் சமம். ஆனால் கம்பியில் ஏற்றக்கூடிய மிகச் சின்ன மாற்றமே வழக்கமாக 2.5 கிலோ. அவர் 167.5 தூக்கியிருந்தால் 11.44 வந்து அதே கணக்கில் முதலிடம் பிடித்திருப்பார். பிளேட்டின் படியைவிடச் சின்ன வித்தியாசத்தை வைத்து ஒருவரை மேலே, ஒருவரைக் கீழே வைப்பது ரசம் போன கண்ணாடியில் முகப்பரு எண்ணுவது மாதிரி.

அதைவிடப் பெரிய ஓட்டை உடல் எடை பார்க்கும் இடத்தில். ஜிம் மூலையில் கிடக்கும் முள் தராசு ஒரு கிலோ பிசகினால், 56 கிலோ ஆளுக்கு அது மூன்றில் இரண்டு கணக்கின் புள்ளியில் நூற்றுக்கு 1.2, தூக்கும் எடையில் ஏறக்குறைய இரண்டு கிலோ. ரப்பர் பாயின் மேல் தராசை வைத்தால் கண்டிப்பாகப் பிசகும். சிமெண்டுத் தரையிலோ டைல்ஸிலோ வையுங்கள். சரிபார்க்க மாங்காய் மண்டியிலோ மளிகைக் கடையிலோ முத்திரை வைத்த எடைக்கல் இரண்டு மூன்றை இரவல் வாங்கி வந்து அடுக்குங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் 20 லிட்டர் தண்ணீர் கேன்: காலிக் கேனை முதலில் நிறுத்திவிட்டு, அளந்து 20 லிட்டர் ஊற்றினால் எடை 20 கிலோ கூட வேண்டும். மூன்று கேன் அடுக்கினால் 60 கிலோ பக்கம் தராசு எப்படி என்று தெரிந்துவிடும். பூச்சியத்தில் சரியாக நிற்கும் தராசு 60ல் தவறலாம். அந்த இடத்தில் பார்ப்பதுதான் முக்கியம்.

எடை பார்க்கும் நேரமும் எழுத்தில் இருக்கட்டும். சர்வதேசப் போட்டிகளில் மேடை ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு தொடங்கித்தான் எடை பார்ப்பார்கள். முந்தின நாள் மாலையே பார்த்தால், பையன்கள் தண்ணீர் குடிக்காமல், வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடி இரண்டு கிலோ இறக்கிவிட்டு, இரவில் குடித்து ஏற்றிக்கொள்வார்கள். உங்கள் நேர் வகுத்தல் முறையில் 56 கிலோ ஆள் 54க்கு இறங்கினால் புள்ளி 2.95லிருந்து 3.06க்குப் போய்விடும், ஒரு கிலோ பலம் கூடாமல் நூற்றுக்கு 3.7 லாபம். தர்மபுரி ஏப்ரல் வெயிலில் இந்த வேலை செய்தால் மயக்கம் போட்டு விழுவதும் உண்டு, சிறுநீரகத்துக்கும் கேடு.

கம்பியும் பிளேட்டும் அடுத்தது. போட்டிக் கம்பி 20 கிலோ. ஜிம்களில் அதே மாதிரி தெரியும் கம்பி பல நேரம் அவ்வளவு இருக்காது. ஒருவர் தராசில் ஏறி நின்று, பிறகு கம்பியோடு ஏறி நின்று, கழித்துப் பார்த்துவிடலாம். சர்வதேச விதியில் பிளேட் எழுதியுள்ள எடையிலிருந்து நூற்றுக்கு 0.25க்கு மேல் விலகக் கூடாது. உள்ளூர் வார்ப்பு பிளேட்டில் அந்த நம்பிக்கை வேண்டாம், ஒவ்வொன்றையும் நிறுத்து, சரியான எடையைப் பெயிண்டில் எழுதிவிடுங்கள். பலரும் கவனிக்காதது உயரம். போட்டிப் பிளேட்டின் விட்டம் 45 செ.மீ., அதனால் கம்பி தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். 30 செ.மீ. விட்டமுள்ள சின்ன இரும்பு பிளேட் போட்டால் கம்பி 15 செ.மீ.க்கு இறங்கிவிடும். 160 செ.மீ. ஆளுக்கு அது கொஞ்சம் கஷ்டம், 182 செ.மீ. ஆளுக்கு முதுகு வளைந்து போகும் அளவுக்குக் கஷ்டம். உங்கள் போட்டியில் எந்த பிளேட் என்று எழுதவில்லை. சின்னது என்றால் 105 கிலோக்காரர் கணக்கில் வராத நஷ்டத்தோடுதான் 245 எடுத்திருக்கிறார். இரு பக்கமும் பிளேட்டுக்கு அடியில் ஏழரை செ.மீ. உயரப் பலகை போட்டால் தீர்ந்தது. கையில் ஸ்ட்ராப் (கம்பியோடு கையைப் பிணைக்கும் பட்டை) கட்டுவது, கம்பியைத் தொடையில் முட்டுக்கொடுத்து உந்துவது இரண்டையும் எல்லோருக்கும் தடை செய்யுங்கள், பெல்ட் இருக்கலாம்.

எந்தச் சூத்திரமும் பார்க்காதவையும் உண்டு. ஒரே 74 கிலோவில் ஒருவர் குட்டை, ஒருவர் நெட்டை. கை நீண்டவருக்கு டெட்லிஃப்டில் லாபம், பெஞ்ச் பிரஸ்ஸில் அதே கை நஷ்டம். எடை ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளும் சூத்திரத்துக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம். கை நீளத்துக்கும் கழித்தால் கடைசியில் எல்லோரும் சமமாகிவிடுவார்கள், போட்டி எதற்கு? வயது அப்படி இல்லை. 15 வயதுப் பையனையும் 24 வயது ஆளையும் உடல் எடை ஒன்று என்பதற்காக ஒரே வரிசையில் வைக்காதீர்கள். வயதுக்கேற்பப் புள்ளியைப் பெருக்க, 14 முதல் 23 வரைக்கு ஃபாஸ்டர் எண்களும், 40க்கு மேல் மெக்கல்லோ எண்களும் பவர்லிஃப்டிங்கில் இருக்கின்றன. பள்ளிப் பையன்களுக்கு அதைவிடத் தனிப் பிரிவே மேல். பெண்களுக்கு எப்போதும் பெண்களுக்கான எண்கள்தான். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் தூக்கிய 328 சின்க்ளேரில் சுமார் 409, மீராபாய் சானு டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் தூக்கிய 202 சுமார் 315 (இருவருக்கும் பிரிவின் எல்லை எடையை வைத்து, 2017 முதல் 2020 வரைக்கான எண்களில்). இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் மேல் என்று சொல்ல முடியாது. அவை வெவ்வேறு அளவுகோல்களின் எண்கள். ஒன்று கிலோமீட்டர், ஒன்று மைல்.

இன்னொன்று. தண்டால், புல்-அப், கயிறு ஏறுதல் இவற்றில் சுமையே சொந்த உடம்பு. அங்கே சின்ன ஆளுக்கு இயற்கையிலேயே லாபம், எனவே எண்ணிக்கையைக் கொண்டு பலத்தை ஒப்பிடக் கூடாது. ஆனால் போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் உங்கள் பக்கத்துப் பையன்கள் கயிறு ஏறும்போது எந்தச் சலுகையும் கிடையாது, கிடைக்கவும் வேண்டியதில்லை. அங்கே கேள்வி ‘ஏற முடியுமா’ என்பது. 50 கிலோ சிமெண்டு மூட்டையும் தூக்குபவரைப் பார்த்து இளைத்துக்கொள்ளாது. எருது விடும் விழாவில் காளையை யாரும் தராசில் ஏற்றுவதில்லை, குறித்த தூரத்தை எத்தனை நொடியில் ஓடியது என்பதோடு சரி. உடம்பின் அளவைக் கழிக்க வேண்டுமா என்பது எதற்காக அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அடுத்த ஆண்டுக்கு. ஆள் சேர்ந்தால் எடைப் பிரிவுதான் எல்லாவற்றையும்விட நேர்மையானது. ஒரு பிரிவில் குறைந்தது நான்கைந்து பேராவது வேண்டும். சர்வதேசப் பிரிவுகளை அப்படியே எடுத்தால் உங்கள் மூவரும் மூன்று பிரிவில் தனித்தனியாக நின்று மூவரும் முதலிடம் என்றாகிவிடும். 66 வரை, 83 வரை, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரித்து மூன்று பரிசு வையுங்கள், செலவு அதே கோப்பையை மூன்றாக்கினால் முடிந்தது. ஒட்டுமொத்த வீரர் பட்டமும் வேண்டும் என்றால் மூன்றில் இரண்டு கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: குறை உண்டு, ஆனால் யார் வேண்டுமானாலும் செல்போனில் போட்டுப் பார்க்கலாம். வகுக்கும் எண்களை முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்: 50 கிலோவுக்கு 13.57, 60க்கு 15.33, 70க்கு 16.98, 80க்கு 18.57, 90க்கு 20.08, 100க்கு 21.54, 110க்கு 22.96. 100க்கு மேல் உள்ளவர்களை இந்தக் கணக்கு கொஞ்சம் குறைத்தே காட்டும் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். புள்ளி வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுக்குள் இருந்தால் கூட்டு முதலிடம் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். ஐந்தாறு ஆண்டு முடிவுகளைச் சேர்த்துவைத்து, முப்பது நாற்பது பேர் ஆனதும் உடல் எடை, தூக்கிய எடை இரண்டுக்கும் மடக்கை எடுத்து எக்செல்லில் சாய்வு பார்த்தால் உங்கள் ஜிம்மின் அடுக்கு எவ்வளவு என்று நீங்களே போடலாம். மூன்று பேரை வைத்துப் போட்டால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. பெரிய ஆட்கள் எல்லாம் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்றால் முப்பது பேரிலும் தவறாகவே வரும்.

இந்த ஆண்டுக் கோப்பையைத் தம்பியிடமிருந்து திரும்ப வாங்காதீர்கள். விதியை முன்கூட்டி எழுதாதது அவர் குற்றம் இல்லை. 105 கிலோக்காரரை அழைத்து மேலே உள்ள எண்களைக் காட்டுங்கள், 200 தூக்கியவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.